ஏடி லியோனிஸ்: சிவப்புக் குள்ளனின் ஃப்ளேரைப் பிடிப்பது எப்படி?

ஏடி லியோனிஸ், சுமார் 16 ஒளியாண்டு தொலைவில் உள்ள சிவப்புக் குள்ளன், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, செந்நிற விண்மீன். 2.24 நாளில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். அந்த வேகத்தில் காந்தப்புலம் முறுக்கேறி, தாங்காமல் அறுந்து மீண்டும் இணையும்போது திடீரெனப் பளிச்சிடும். அதுதான் ஃப்ளேர். புதியவர்கள் பலர் சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனான ப்ராக்ஸிமாவில் தொடங்க ஆசைப்படுவார்கள். அது இன்னும் மங்கல். முதலில் இதைப் பழகுங்கள்.

படி 1: தேடுங்கள்
பிப்ரவரி முதல் மே வரை சிம்மம் இரவில் வசதியாகத் தெரியும். மகத்தில் தொடங்கும் அரிவாள் வடிவத்தில் பொன்னிற அல்ஜீபா விண்மீனைப் பிடியுங்கள். அதற்கு மேற்கே 5 கோணநிமிடம் (ஒரு பாகையில் 60-ல் 5 பங்கு) தள்ளி, 9.3 பொலிவெண்ணில் (எண் கூடினால் மங்கல்) இருப்பதுதான் நம் ஆள்.

படி 2: சட்டகம்
தொல்லையே அல்ஜீபாதான். அதன் கண்கூசும் ஒளி பக்கத்தில் பரவி, பின்னணி வானத்தின் அளவைக் கெடுக்கும். ஏடி லியோனிஸைப் படத்தின் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளி, அல்ஜீபாவை வெளியேற்றிவிடுங்கள். கண்ணாடி வைத்த நியூட்டோனியன் தொலைநோக்கி என்றால் அல்ஜீபாவின் ஒளிக்கீற்றுகளும் படத்துக்குள் நீளலாம்; அவற்றை விலக்க கேமராவைத் திருப்பினால் போதாது. அவை குழாய்க்குள் சிறு கண்ணாடியைத் தாங்கும் தகடுகளால் வருபவை, குழாயையே சுழற்ற வேண்டும்.

படி 3: நீல ஃபில்டர்
இதில் மட்டும் சமரசம் வேண்டாம். விண்மீனின் மேற்பரப்பு சுமார் 3,400 கெல்வின். நீல ஒளி குறைவு. ஃப்ளேரோ 10,000 கெல்வினை ஒட்டியது. சிவப்பில் கண்ணுக்கே படாத ஃப்ளேர் நீலத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

படி 4: படமெடுங்கள்
6 அங்குலத் தொலைநோக்கியும் வானச் சுழற்சியைப் பின்தொடரும் மவுண்டும் போதும். 20 முதல் 30 நொடி எக்ஸ்போஷர், இடைவிடாமல் சில மணி நேரம். கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிபார்த்துவிடுங்கள். 1985 ஏப்ரல் 12 அன்று இதே விண்மீனில் பதிவான பெரும் ஃப்ளேர் 4 மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. ஏற்றம் தெரிந்ததும் மூட்டை கட்டிவிடாதீர்கள்.

படி 5: அளவிடுங்கள்
அஸ்ட்ரோஇமேஜ்ஜே இலவச மென்பொருள். அதே படத்தில் பொலிவு மாறாத இரண்டைத் தேர்ந்தெடுங்கள்: நம் விண்மீனை ஒப்பிட ஒரு ஒப்பீட்டு விண்மீன், அந்த ஒப்பீடு சரியா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு விண்மீன். பிறகு பொலிவு வரைபடம் போடுங்கள். விறுட்டென்ற ஏற்றம், நிதானமான இறக்கம் என்றால் ஃப்ளேர். ஒரே ஒரு புள்ளி மட்டும் எகிறினால் அது காஸ்மிக் கதிராகவோ செயற்கைக்கோளாகவோ இருக்கும். சரிபார்ப்பு விண்மீனும் கூடவே ஆடினால் மேகத்தைச் சந்தேகியுங்கள்.

படி 6: அனுப்புங்கள்
1911 முதல் இயங்கும், பொலிவு மாறும் விண்மீன்களைக் கவனிப்போரின் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓ அமைப்புக்கு அளவுகளை ஜூலியன் நாளோடு (வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை) அனுப்பலாம். ஃப்ளேரே வராத இரவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு அவையும் தேவை.