ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுவோம்: மூடி சரியாக உட்கார வேண்டும், அதுதான் முக்கியம்

சென்னை ஓஎம்ஆரில் மெட்ரோ தூண் வேலை தொடங்கியதிலிருந்து, இரவு நிறுத்திய காரின் கண்ணாடியில் காலையில் விரலால் பெயர் எழுதலாம். மாதவரம்–சிறுசேரி வழித்தடத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே புழுதிக் காற்றைத்தான் எஞ்சினும் இழுக்கிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவும் ஏர் ஃபில்டர் என்ற ஒரு காகித மடிப்பைக் கடந்துதான் உள்ளே போகிறது. அந்தக் காகிதத்தை மாற்றுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. கால் மணி நேரம் போதும்.

மைலேஜ் கூடும் என்ற எண்ணத்தில் மாற்றாதீர்கள். கார்புரேட்டர் காலத்தில் அது ஓரளவு உண்மை. இப்போதைய பெட்ரோல் கார்களில் வரும் காற்றுக்கு ஏற்ப எரிபொருளையும் கணினியே குறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்தபோது, ஃபில்டர் அடைத்துக்கொண்டதால் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. வண்டி வேகமெடுப்பதுதான் மந்தமானது. நாம் ஃபில்டரை மாற்றுவது எஞ்சினின் ஆயுளுக்காக. தெருப் புழுதியில் பெரும்பகுதி மணல் துகள். அது இரும்பையே கீறும். சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிட்டால் எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கும். அதன்பின் ஆகும் செலவு பல ஆயிரங்களில்.

எப்போது மாற்றுவது? கையேட்டில் பெரும்பாலும் 30,000 அல்லது 40,000 கிலோமீட்டர் என்று இருக்கும். கட்டட வேலை நடக்கும் சாலை, குவாரிப் பாதை, செம்மண் தடம் என்று ஓடும் வண்டிக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டாம். லேசாகப் புழுதி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே தூசி விழ வாய்ப்பு உண்டு.

வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஆண்டு, பெட்ரோலா டீசலா என்பது, முடிந்தால் ஆர்.சி.யின் நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒரே பெயரில் வரும் காருக்கு ஆண்டுக்கு ஆண்டு ஃபில்டரின் அளவு மாறும். கார் நிறுவனத்தின் அசல் உதிரிபாகம்தான் என் முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் பாஷ் அல்லது பியூரோலேட்டர். கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர்கள் நம் ஊர்ப் புழுதிக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த எண்ணெய் அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

கருவிகளில் காந்த முனை உள்ள ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று கட்டாயம். ஃபில்டர் பெட்டியின் பின்பக்க ஸ்க்ரூ கழன்றதும் எஞ்சினின் இடுக்குக்குள் விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். சில கார்களுக்கு 10 எம்எம் ஸ்பேனர் தேவைப்படும். இவற்றோடு நூல் பிரியாத பழைய துணி, டார்ச், இருந்தால் வேக்குவம் கிளீனர்.

எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, பானெட்டைத் திறங்கள். ஃபில்டர் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியும் அதிலிருந்து எஞ்சினை நோக்கிப் போகும் தடித்த குழாயும் கண்ணில் படும். கிளிப்பில் கை வைப்பதற்கு முன் பெட்டியின் மேற்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அங்கே குவிந்திருக்கும் தூசியும் வேப்பஞ்சருகும்தான் மூடியைத் தூக்கியதும் உள்ளே சரியும்.

கிளிப்புகளையும், ஸ்க்ரூ இருந்தால் அதையும் தளர்த்தி மூடியைத் தூக்குங்கள். மூடியோடு ஒயர் சொருகியிருந்தால் இழுக்க வேண்டாம். பெரும்பாலும் பழைய ஃபில்டரை உருவும் அளவுக்கு மூடி விலகிக் கொடுக்கும். கொடுக்காவிட்டால் மட்டும் ஒயரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். ஃபில்டரை எடுப்பதற்கு முன், அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாக, சாய்க்காமல் தூக்குங்கள்.

பெட்டியின் அடியில் மணல், காய்ந்த இலை, சில சமயம் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சும் இருக்கும். வேக்குவத்தால் உறிஞ்சுங்கள், இல்லையேல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஊதக் கூடாது. எஞ்சின் பக்கம் போகும் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். முடிந்ததும் அந்தத் துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இனி, நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்.

ஃபில்டரைச் சுற்றி ரப்பர் போன்ற மெத்தென்ற விளிம்பு இருக்கும். பெட்டியின் இரு பாதிகளும் அதை நாலா பக்கமும் ஒரே சீராக நசுக்கிப் பிடித்தால்தான் காற்று காகிதத்தின் வழியே போகும். ஒரு முனையில் இம்மியளவு இடைவெளி இருந்தாலும் காற்று அந்த எளிய வழியையே பிடித்துக்கொள்ளும். அப்படிப் பொருந்தாத புதிய ஃபில்டரைவிட, சரியாகப் பொருந்திய அழுக்கு ஃபில்டர் எவ்வளவோ மேல். ஒருமுறை சர்வீஸுக்கு விட்ட என் கார் புத்தம்புது ஃபில்டரோடு திரும்பி வந்தது. சில மாதம் கழித்துத் திறந்தபோது, வடிகட்டிய காற்று மட்டுமே போக வேண்டிய குழாயின் உட்சுவரில் பழுப்பு நிறப் புழுதி. மூடியின் பின்பக்கத்தில் இருந்த இரண்டு நாக்குகளில் ஒன்று அதற்குரிய துளைக்குள் நுழையவே இல்லை. முன்பக்கக் கிளிப்புகள் மட்டும் அழுத்தமாகப் பூட்டியிருந்தன. வெளியிலிருந்து பார்த்த யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

எனவே வரிசை இதுதான். முதலில் ஃபில்டரைப் பள்ளத்தில் வைத்து விளிம்பு முழுவதையும் விரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வாருங்கள். அடுத்து மூடியைச் சாய்த்து, பின்பக்க நாக்குகளை அவற்றின் துளைகளில் நுழையுங்கள். கண்ணுக்குத் தெரியாத நாக்கை டார்ச் அடித்தோ விரலால் தடவியோ உறுதிசெய்யுங்கள். அதன்பிறகே முன்பக்கத்தை இறக்கிக் கிளிப்பைப் பூட்டுங்கள், ஸ்க்ரூ இருந்தால் முடுக்குங்கள். கிளிப் பூட்ட வலு தேவைப்பட்டால் ஏதோ பொருந்தவில்லை என்று பொருள். மறுபடி தூக்கிப் பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. மூடியின் விளிம்பில் ஏழெட்டு இடங்களில் கண்மையை லேசாகத் தொட்டு வைத்து, மூடிப் பூட்டி, மறுபடி திறங்கள். ஃபில்டரின் ரப்பரில் எல்லா இடத்திலும் மை ஒட்டியிருக்க வேண்டும். எங்கே ஒட்டவில்லையோ அங்கேதான் இடைவெளி. துடைத்துவிட்டு மீண்டும் மூடுங்கள்.

கழற்றிய ஒயரைச் சொருகி, குழாயின் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, எஞ்சினை இயக்குங்கள். புதிதாக ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் அணைத்துவிட்டு மூடியைப் பாருங்கள்.

பின்னர் சேர்த்தவை:

பஞ்சர் கடையில் காற்றடித்துப் பழையதையே போடலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அந்த அழுத்தத்தில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். தண்ணீரில் கழுவினாலும் காகிதம் வீணாகிவிடும். சில நூறு ரூபாய்க்குப் புதியது கிடைக்கும்போது இந்த மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

மாற்றிய பிறகு எஞ்சின் விளக்கு எரிகிறது என்று ஒரு வாசகர் எழுதினார். கழற்றிய ஒயரைச் சொருகாமல் சாவியைத் திருப்பியிருக்கக்கூடும். அதைச் சொருகிச் சில முறை ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு தானே அணைந்துவிடும். ஆனால் விளக்கு எரியாததை வைத்து எல்லாம் சரி என்றும் முடிவுகட்ட முடியாது. காற்றின் அளவை நேரடியாக அளக்காமல் அதன் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள கார்களில், பெட்டியில் காற்று கசிந்தாலும் கணினிக்கு அது தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மட்டும் திறந்து, எஞ்சின் பக்கக் குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புழுதி ஒட்டக் கூடாது.

டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருப்பது ஏசி ஃபில்டர். அது வேறு, இது வேறு.

மழைக்காலத்தை ஒட்டிக் கடைசியாக ஒன்று. தேங்கிய நீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார் நின்ற இடத்தில் வெள்ளம் பானெட் வரை ஏறியிருந்தாலும் அப்படியே. முதலில் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் நீர் போயிருக்கலாம். நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துச் செல்ல ஆள் அழையுங்கள்.