ஈறுல ரத்தம், கூடவே சுகரும் இருக்கா? இப்படி ஆரம்பிங்க

அம்மாவுக்கு சுகர் வந்து பல வருஷம் ஆச்சு. மாத்திரை நேரத்துக்குப் போடுறாங்க, சாயங்காலம் நடக்குறாங்க, ஆனா ஹெச்பிஏ1சி (கடந்த 2, 3 மாசத்து சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்) மட்டும் 8-க்கு கீழ இறங்கவே மாட்டேங்குது. ஒருநாள் சுகர் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்துட்டு, முதல்ல பல் டாக்டரைப் பாத்துட்டு வாங்கம்மான்னு அனுப்பிட்டாரு.

விஷயம் இதான். பல்லு ஓரத்துல சேர்ற அழுக்கு காரையா இறுகிடும், அதுல இருக்கிற கிருமியால ஈறு வீங்கும், அந்த வீக்கம் வாயோட நிக்காம ரத்தம் வழியா உடம்பு பூரா போய் இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய விடாது, சுகர் ஏறும், சுகர் ஏறினா ஈறு இன்னும் வேகமா கெடும். ஈறு வைத்தியம் பண்ணிக்கிட்ட சுகர்காரங்களுக்கு 3, 4 மாசத்துல ஹெச்பிஏ1சி சராசரியா 0.4 அளவுக்கு இறங்கியிருக்குன்னு ஆராய்ச்சியிலயே பாத்திருக்காங்க. மாத்திரையை நிறுத்துற அளவுக்கெல்லாம் இல்ல, ஆனா ஏன் விடணும்?

ஸ்டெப் 1: கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டை இழுத்துப் பாருங்க. ஈறு செவந்து உப்பியிருக்கா, துப்புனா ரோஸ் கலர்ல வருதா? வலி இருக்காது, அதான் வம்பே. சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ரத்தம்கூட சரியா காட்டாது.

ஸ்டெப் 2: பல் டாக்டர். சாப்பிட்டு மாத்திரை போட்டுட்டுப் போங்க, வெறும் வயித்துல போய் லோ சுகர் ஆகிடப் போகுது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, இதயத்துல செயற்கை வால்வு இருந்தாலோ நாற்காலியில உக்காரும்போதே சொல்லிடுங்க, நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பள்ளம் எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க. 3 வரைக்கும் ஓகே, அதுக்கு மேலன்னா கவனிக்கணும். "கிளீன் பண்ணா பல்லு ஆடும்"னு எங்க சித்தி பயமுறுத்தினாங்க. காரை ஏற்கனவே ஈறையும் எலும்பையும் தின்னுருக்கும், எடுத்தப்புறம் அந்த இடைவெளி தெரியுது, அவ்வளவுதான்.

ஸ்டெப் 3: பிரஷ் பண்றது. இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறோம். சாஃப்ட் பிரஷ் எடுத்து, பாதி நார் ஈறு மேலயும் பாதி பல்லு மேலயும் படுற மாதிரி 45 டிகிரி சாய்ச்சு வச்சு, அரிசி நீளத்துக்கு மட்டும் மெதுவா அசைச்சுட்டு அடுத்த பல்லுக்கு நகருங்க, பாத்திரம் தேய்க்கிற மாதிரி இழுக்காதீங்க. 2 நிமிஷம், ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம். ரத்தம் வருதேன்னு அந்த இடத்தை மட்டும் விட்டுட்டுத் தேய்ப்போம் பாருங்க, அங்கதான் இன்னும் நல்லா தேய்க்கணும், ஆரம்ப நிலைன்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல ரத்தம் நிக்கும். ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும். துப்பிட்டு விட்டுடுங்க, கொப்பளிக்க வேணாம் (எங்கம்மாவுக்கு இது மட்டும் இன்னும் மனசு வரல).

ஸ்டெப் 4: பல்லு சந்துல பிரஷ் போகாது. மெடிக்கல் ஷாப்ல குட்டி பாட்டில் பிரஷ் மாதிரி ஒண்ணு கிடைக்கும், சந்துக்கு ஏத்த சைஸை டாக்டர்கிட்டயே கேட்டு வாங்கி நாளைக்கு ஒரு தடவை விடுங்க. குண்டூசியால குத்துறதை நிறுத்துங்க ப்ளீஸ்.

3 மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுங்க. அம்மாவுக்கு 7.6 வந்துச்சு. நடுவுல டாக்டர் மாத்திரையையும் மாத்தினாரு, அதனால முழு பேரையும் பல்லுக்கே கொடுக்க மாட்டேன். ஆனா தொடப்பம் மாதிரி விரிஞ்சு கிடந்த அவங்க பழைய பிரஷ் இப்போ கேஸ் அடுப்பு பர்னர் தேய்க்கத்தான் இருக்கு.