உள்வயிற்றுக் கொழுப்பைக் கணிக்க ஒரு நூல் போதும்

இழுத்தாலும் நீளாத நூல் ஒன்றை உங்கள் உயரத்தின் அளவுக்கு வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள். முனைகள் தொடவில்லையா? உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பேன்ட் சைஸை நம்பவே வேண்டாம், பலர் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள்.

கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு) காட்டாது. சுற்றளவு ஓரளவு காட்டிவிடும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பும் 2022இல் இந்தப் ‘பாதி உயரம்’ கணக்கைத்தான் பரிந்துரைத்தது.

கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இது பொருந்தாது. அப்புறம், தோலடிக் கொழுப்பையும் உள்கொழுப்பையும் நூலால் பிரிக்க முடியாது. அதற்கு சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன்தான். ஆனால் இதற்காக மட்டும் சிடி எடுத்து வீணாகக் கதிர்வீச்சுக்கு ஆளாக வேண்டாம்.