பன்னிரண்டு மணிக்கு டைமர் வைக்காதீர்கள்

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு புது வீட்டில் வயரிங் வேலை. என்னுடன் வந்த பையன் போர் மோட்டார், கீசர், ஸ்கூட்டர் சார்ஜர் மூன்றுக்கும் போன் ஆப்பில் வைத்த நேரத்துக்குத் தானே ஆன், ஆஃப் ஆகும் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டிவிட்டுப் போனைக் காட்டினான். மூன்றுக்கும் பகல் 12:00. "வெயில் நேரத்துல சோலார் கரண்ட் நிறைய இருக்கும்ணா, அப்ப ஓட்டுனா கிரிடுக்கு நல்லது" என்றான். கிரிட் என்றால் ஊருக்கெல்லாம் கரண்ட் கொண்டுவரும் மின் வலையமைப்பு. சொன்னது சரிதான். சில வருஷம் முன்பு நானும் இதையேதான் சொல்லித் திரிந்தேன். அதனால்தான் வயிறு கலங்கியது.

எர்த் இல்லாமல் மாட்டுவது, கீசரை ஆறு ஆம்பியர் பிளக்கில் செருகுவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அது தெரியாதவர் போர்டைத் திறக்கவே கூடாது. டைமர் வைக்கும்போது வேலை தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்தான் கீழே.

பில் குறையும் என்று வாக்குக் கொடுப்பது

நம் வீட்டு பில் இரண்டு மாத மொத்த யூனிட்டைப் பார்த்துப் போடுவது. எந்த மணிக்கு ஓட்டினாலும் யூனிட் யூனிட்தான். பகலில் குறைந்த கட்டணம், உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் என்று மத்திய அரசு 2023இல் விதியைத் திருத்தியது. ஆனால் எந்த மணிக்கு எவ்வளவு ஓடியது என்று கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வராத வீட்டுக்கு அது ஏட்டோடு சரி. வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையில், பொழுது சாய்ந்து சோலார் அடங்கிய பிறகு நம் மோட்டாரும் சேர்ந்து இழுக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

எல்லாம் ஒரே நொடியில்

பாலக்கோடு பக்கம் ஒரு லே-அவுட். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்த ஒன்பது வீட்டு மோட்டாருக்கு நானே ஸ்மார்ட் சுவிட்ச் போட்டேன். ஒன்பதுக்கும் 12:00. கடைசி வீட்டை முடித்த மறுநாள், மணி பன்னிரண்டானதும் ஒன்பதும் ஒன்றாகக் கிளம்பின.

ஓடும் மோட்டார் இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டைக் கிளம்பும்போது அது இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிட்டது. மோட்டார்கள் சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே இன்னும் இழுத்தன. டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனது. லைன்மேன் வந்து பியூஸ் போட்டார், கரண்ட் வந்தது. ஆப்பில் 'கரண்ட் திரும்பினால் என்ன செய்ய' என்ற இடத்தில் நான் 'ஆன்' என்று வைத்திருந்தேன். ஒன்பதும் மறுபடி ஒன்றாகக் கிளம்பின.

இரண்டாவது முறை பியூஸோடு போகவில்லை. பெரியவர் ஒருவரின் மோட்டார் காயில் எரிந்தது. அவர் போர் எண்ணூறு அடி. மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கிய செலவில் பாதியை நான் கொடுத்தேன். "ஏம்பா, கரண்டுக்கு ஒத்தாசை பண்றேன்னு வந்து கரண்டையே நிறுத்திட்டியே" என்றார். பணம் போனதைவிட அந்தப் பேச்சு சுட்டது.

எரிச்சல் என்னவென்றால், இது நமக்குப் புதுசே இல்லை. மும்முனை கரண்ட் வந்ததும் வயலெங்கும், மோட்டாரைத் தானே கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் ஒரே நேரத்தில் தட்டி, லோ வோல்டேஜில் மோட்டார் எரிந்த கதை ஊருக்கு ஊர் உண்டு. பழைய வட்ட டைமர்கூட ஒரு வகையில் நல்லது. ஒவ்வொரு மின்வெட்டுக்கும் அது பின்தங்கும், ஒரு வீட்டு டைமர்போல இன்னொன்று இருக்காது. ஸ்மார்ட் சுவிட்ச் இன்டர்நெட்டில் மணி பார்க்கிறது, நொடி பிசகாது. அந்தத் துல்லியம்தான் ஆபத்து. பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, புதிதாக விற்கும் வீட்டுக் கார் சார்ஜர் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு தாமதம் விட்டுத்தான் தொடங்க வேண்டும். அங்கே சட்டம் போட்டுச் செய்வதை நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யலாம்.

இப்போது என் நோட்டில் வீட்டுக்கு ஒரு நேரம்: 10:52, 11:19, 11:47, 12:23. கரண்ட் திரும்பினால் 'ஆஃப்'. அப்புறம், மோட்டார் கரண்ட் ஸ்மார்ட் சுவிட்ச் வழியாகப் போகவே கூடாது. சுவிட்ச், பெரிய கரண்டைத் தாங்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சைத் தட்டட்டும், கான்டாக்டர் மோட்டாரை ஓட்டட்டும். போரில் தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கும் டிரை ரன் பாதுகாப்பும் வேண்டும். பகல் 12 மணிக்கு யாரும் மோட்டார் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

கீசரைப் பகலில் வைப்பது

சாயங்காலம் குளிப்பவருக்கு மட்டும். பகலில் காய்ந்த தண்ணீர் மறுநாள் காலை ஓசூர் குளிருக்கு ஆகாது. காலைக் குளியலுக்கு என்றால் விடியுமுன்பே வையுங்கள். 15 லிட்டர், 2000 வாட் கீசருக்கு இருபது நிமிடம் போதும்.

பிரிட்ஜுக்கு ஸ்மார்ட் பிளக்

வேண்டாம். நின்ற கம்ப்ரஸரை இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மறுபடி தட்டினால் திணறும்.

வேலை முடிந்து வந்ததும் ஸ்கூட்டரைச் சார்ஜில் போடுவது

ராத்திரி பத்து மணிக்கு மேல் போடுங்கள். சரியாக 10:00 அல்ல.