கூட்டாளிங்க வந்தா பினாங்குக்கு ஃபெரியில கூட்டிட்டுப் போறது எப்படி

ஊர்லேர்ந்து கூட்டாளிங்க வந்தா நெறைய பேரு காடியில (காருல) ஏத்தி பாலத்து வழியா பினாங்குத் தீவுல இருக்கிற ஜார்ஜ்டவுன் கொண்டுபோயிடுறாங்க. பாலமும் நல்லாத்தான் இருக்கும், ஆனா முதல் தடவை வர்றவங்கள ஃபெரியிலதான் கூட்டிட்டுப் போகணும்னு நான் சொல்வேன், ஏன்னா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்த நம்ம பெரியவங்க இந்தத் தீவைத் தண்ணியிலேர்ந்துதான் முதல்ல பார்த்தாங்க.

முதல் வேலை காடி. பழைய பெரிய ஃபெரி 2020 கடைசியோட நின்னுபோச்சு, 2023 ஆகஸ்டுலேர்ந்து ஓடுற புது போட்டுல ஆளுங்க, சைக்கிள், மோட்டர்சைக்கிள் மட்டும்தான். அதனால காடிய இந்தக் கரையில, பட்டர்வொர்த்துல இருக்கிற பினாங் சென்ட்ரல் பஸ் நிலையத்துல நிறுத்திடுங்க. கோலாலம்பூர்லேர்ந்து ஈடிஎஸ்ங்கிற வேக ரயில்ல வந்தா இன்னும் சுலபம், இறங்கி நடந்தே ஜெட்டிக்குப் போயிடலாம்.

அடுத்து டச் அண்ட் கோ கார்டு, முன்னாடியே பணம் போட்டு வச்சுத் தட்டிட்டுப் போற கார்டு. ஆளுக்கு 2 வெள்ளிதான் (ரிங்கிட்), ஆனா கார்டுல பணம் இருக்கான்னு முன்னாடியே பாருங்க. தஞ்சாவூர்லேர்ந்து வந்தவங்களோட போனப்ப நான் டாப்அப் பண்ண மறந்து, நுழையிற கேட் கிட்ட நிக்கும்போதே போட்டு கிளம்பிடுச்சு.

ஏறினதும் ஜன்னலோரமா முன்பக்கம் பார்த்து உக்காருங்க, போன எடுக்காதீங்க, பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான். இடது பக்கம் தூரத்துல 1985ல தொறந்த பாலம், எதிர்ல கொம்தார்ங்கிற உயரமான கட்டடம், அதுக்குப் பின்னால பினாங்கு மலை, வலது பக்கம் பெரிய கப்பலுங்க வந்து நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் துறை. கூட்டாளியோட அம்மா கண்ணாடியில நெத்திய ஒட்டிக்கிட்டே வந்தாங்க, கரை கிட்ட வந்ததும் மெதுவா, "எங்க பெரியப்பா இங்கதானேப்பா வந்து எறங்கினாரு"ன்னு கேட்டாங்க. எனக்குப் பேச்சே வரல, தலைய மட்டும் ஆட்டினேன்.

இறங்கினா இடது கைப்பக்கம் கொஞ்சம் நடந்தா சியூ ஜெட்டி, கடலுக்கு மேல கால் நட்டுக் கட்டின பலகை வீடுங்க, ஆளுங்க குடியிருக்காங்க, அதனால சத்தம் போடாம பாருங்க. காலையிலயே வந்துட்டா முதல்ல குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போயிடுங்க, 1833ல கட்டினது, மத்தியானம் நடை சாத்திடுவாங்க. சாமி கும்பிட்டுட்டு பக்கத்துலயே லெபோ பாசார் தெருவுல வாழை இலைச் சாப்பாடு.

திரும்புறது மட்டும் விளக்கு போட்ட பிறகு வச்சுக்குங்க, கடைசி போட்டு எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே ஜெட்டியில கேட்டுக்குங்க.