ஒபெராவின் பாஸ் குரலைக் கேட்கவும் குரல் வகை பற்றி வாதிடவும் ஒரு வழிகாட்டி

மாசி மாதத்தில் தோட்டத்துக் காமன் பொட்டலில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒலிவாங்கி இல்லாமல் ஒரு மனிதக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தப்பு முழங்கிக்கொண்டிருக்கும்போதே ரதி வேடம் கட்டியவர் அழுது பாடினால், அது மேல் லயத்து வரிசை வீட்டில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். ஐரோப்பிய இசைநாடகமான ஒபெராவும் அப்படி ஒலிவாங்கி இல்லாமல் வளர்ந்த கலைதான். ஆனால் நம் கூத்துக்காரர் தப்பின் ஓசையைத் தாண்டுவதற்குக் குரலை மேலே ஏற்றுகிறார். ஆண் குரல் வகைகளில் மிகக் கீழானதான பாஸ் குரலில் பாடுபவரோ கீழ் ஸ்தாயியிலேயே நின்றுகொண்டு அறுபது, எழுபது வாத்தியங்களைத் தாண்டுகிறார். இந்த வியப்பிலிருந்து கேட்கத் தொடங்குவதே நல்ல தொடக்கம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: நல்ல ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கியாவது அணிந்துகொள்ளுங்கள். பாஸ் குரலின் கீழ் எல்லை ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வுகள். அந்த அடிப்படை அதிர்வைக் கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கி பெரும்பாலும் தருவதே இல்லை. ஜெர்மானியப் பாடகர் குர்ட் மோல் பாடியதை நான் முதன்முதலில் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டு, இதில் என்ன பெருமை என்று ஒதுக்கிவிட்டேன். பல மாதங்கள் கழித்து ஹெட்போனில் கேட்டபோதுதான், முன்பு நான் கேட்டது அவர் குரலில் பாதிகூட இல்லை என்பது புரிந்தது.

கர்நாடக இசை ஓரளவு தெரிந்தவர்கள் 1 கட்டை சுருதியை மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லைகள் எளிதில் பிடிபடும். அந்தச் சுருதியில் பாடும் ஆண் வித்துவான்கள் பெரும்பாலும் மந்திர பஞ்சமம் வரை இறங்குவார்கள். பாஸ் பாடகரின் வழக்கமான பரப்போ மந்திர அந்தர காந்தாரத்தில் தொடங்கித் தார ஸ்தாயியின் அதே காந்தாரம் வரை, அதாவது முழுதாக இரண்டு ஸ்தாயி. மொசார்ட்டின் 1791ஆம் ஆண்டு ஒபெராவான ‘மாயப் புல்லாங்குழ’லில் குருவாக வரும் சரஸ்ட்ரோ மந்திர சுத்த மத்தியமத்தைத் தொடுகிறார். அவர் அதைத் தொட்டுவிட்டு ஓடுவதில்லை. அதன் மேல் அமர்கிறார். கீழே இறங்க முடிகிறதா என்பதைவிட, இறங்கிய இடத்தில் சொல்லும் உணர்ச்சியும் சிதையாமல் நிற்கின்றனவா என்பதே நான் முதலில் கவனிப்பது.

பயிற்சிக்கு ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வெர்டியின் ‘டொன் கார்லோ’ ஒபெராவில் மன்னன் பிலிப் விடியற்காலையில் தனித்திருக்கும் காட்சியைச் சொல்வேன். முதலில் செல்லோ தனியாகப் புலம்புகிறது. பிறகு, மனைவி தன்னை ஒருநாளும் நேசித்ததில்லை என்று மன்னன் ஏறக்குறையத் தனக்குத்தானே முணுமுணுப்பதுபோலத் தொடங்குகிறான். ஒரு பேரரசை ஆளும் குரல் இவ்வளவு சிறுத்துப்போவதை முதல் முறை வெறுமனே கேளுங்கள். இரண்டாம் முறை, மெல்லப் பாடும் இடத்திலும் குரலின் உடல் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் முறை, நிறுத்தாமல் அடுத்த காட்சிக்குப் போங்கள். தொண்ணூறு வயதான, பார்வையிழந்த மதவிசாரணைத் தலைவர் உள்ளே வருகிறார். அவரும் பாஸ். ஜார்ஜ் சோல்ட்டி நடத்திய 1965ஆம் ஆண்டு ஒலிப்பதிவில் மன்னனாகப் பல்கேரியாவின் நிக்கலாய் கியாவ்ரொவும் மதத்தலைவராகப் பின்லாந்தின் மார்ட்டி தால்வேலாவும் மோதுகிறார்கள். முன்னவரின் குரல் பாகுபோல இழைவது, பின்னவருடையது பாறை நகர்வதுபோல வருவது. ஒரே வகைக்குள் இத்தனை வேறுபாடு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவை நான் கேட்டதில்லை.

வாத்தியங்களைத் தாண்டுவதன் காரணம் வெறும் பலம் அல்ல. வாத்தியக் குழுவின் ஓசை 500 ஹேர்ட்ஸை ஒட்டி மிகுந்து, மேலே போகப்போகக் குறைகிறது. பயின்ற பாடகர் தொண்டையின் கீழ்ப்பகுதியைச் சீரமைத்து, பாஸ் குரலில் ஏறத்தாழ 2,400 ஹேர்ட்ஸை ஒட்டிய மேலதிர்வுகளை, அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகளை, திரட்டுகிறார். ஆழ்ந்த குரலுக்குள் மெல்லிய வெண்கல மணியோசைபோல ஒன்று ஒலிப்பது இதனால்தான். அதைக் காது ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால், இருண்ட குரலுக்கும் வெறுமனே அமுக்கிப் பாடிய குரலுக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும்.

இனி வாதத்துக்கு வருவோம். ஹட்டனில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் நண்பர் ஒருவரும் நானும் பல ஞாயிற்றுக்கிழமைகளை இதில் செலவிட்டிருக்கிறோம். குழுவில் பாஸ் வரிசையில் நிற்பவர்களில் பலர் இயல்பில் பாரிடோன்களே, அதாவது பாஸுக்குச் சற்று மேலான ஆண் குரலினரே என்பதை அவரே ஒப்புக்கொள்வார். வாதிடும்போது மிகக் கீழான சுரத்தை ஆதாரமாக வைக்காதீர்கள். ஒரு நல்ல காலைப்பொழுதில் பாரிடோனுக்கும் அது கிடைத்துவிடும். குரல் மேலே போகும்போது எங்கே திரும்புகிறது, அதாவது எந்த இடத்தில் அது ஒலிக்கும் விதம் மாறுகிறது என்று கேளுங்கள்: பாஸ் பாடகருக்குத் தார ரிஷபத்தை ஒட்டியும், இலேசான பாரிடோனுக்குத் தார காந்தாரத்தை ஒட்டியும் அந்தத் திருப்பம் வரும். நீண்ட நேரம் களைப்பின்றி எந்தப் பகுதியில் பாடுகிறார் என்பதையும் பாருங்கள். ரஷ்யாவின் ஃபியோதர் ஷாலியாபின் பாஸ் என்றே அறியப்பட்டவர். எனினும் ரூபின்ஸ்டைனின் ஒபெராவில் வரும் ‘டீமன்’ என்னும் பாரிடோன் பாத்திரத்தையும் பாடினார். பாத்திரத்தின் பெயரை வைத்துப் பாடகரின் வகையை முடிவுசெய்வது அதனால் சரியாகாது.

பழைய இசைத்தட்டுகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வருவதற்கு முன் புனல் வழியாகப் பதிந்தார்கள். கீழ் அதிர்வுகள் அதில் மிகவும் மெலிந்துபோயின. தட்டு சற்று வேகமாகச் சுழன்றாலே பாஸ் பாரிடோனாகிவிடும்.

மொசார்ட்டின் இன்னொரு ஒபெராவான ‘டொன் ஜொவான்னி’யின் நாயகனுக்கு எந்தக் குரல் பொருந்தும் என்பதில்தான் எங்கள் வாதம் இன்னும் முடியவில்லை. 1787இல் மொசார்ட் அதை எழுதியபோது பாரிடோன் என்ற தனிப்பிரிவு இன்றுபோல் நிலைபெற்றிருக்கவில்லை. இன்று அந்த நாயகப் பாத்திரம் பெரும்பாலும் பாரிடோன்களிடம் போகிறது. ஆனால் எட்சியோ பின்ட்சா, செசாரே சியேபி ஆகிய இரு இத்தாலியப் பாஸ் பாடகர்களும் அதனாலேயே புகழ்பெற்றார்கள். சியேபி பாடிய 1954ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் படப்பதிவைப் பாருங்கள். இறுதிக் காட்சியில் கற்சிலை வந்து நாயகனை அழைக்கும்போது, இரண்டு ஆழ்ந்த குரல்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. நண்பர் அங்கே இலேசான குரல்தான் வேண்டும் என்கிறார். சிலைக்கு ஈடாக நின்று மறுப்பவனுக்குக் கனத்த குரலே வேண்டும் என்பது என் பக்கம்.