நாய்க்கூடாரம் போடும்போது செய்யக் கூடாதவை

அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–65) அந்தக் காலத்துச் சிப்பாய் வேடமிட்டு மறுநிகழ்த்தும் முகாம்களில், சட்டைப் பொத்தான் வரை பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள்கூடக் கூடாரத்தில் கோட்டை விட்டுவிடுகிறார்கள். காரணம், அன்றைய சிப்பாயின் நாய்க்கூடாரம் நிஜமாகவே ஒரு மோசமான கூடாரம். கொஞ்சம் சரிபண்ணலாமே என்று யாருக்கும் கை துறுதுறுக்கும். சரிபண்ணச் சரிபண்ண அது அந்தக் காலத்தை விட்டு விலகிக்கொண்டே போகும்.

போரின் தொடக்கத்தில் வடதரப்புப் படை சிப்லி என்ற கூம்புக் கூடாரத்தை நிறையப் பயன்படுத்தியது. 18 அடி விட்டம், 12 அடி உயரம். ஒரு டஜன் பேர் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் அதைத் தூக்கிப் போக வண்டி வேண்டும், வண்டியை இழுக்கக் கோவேறு கழுதைகள் வேண்டும், கழுதைகளுக்குத் தீனி வேண்டும். 1862-ல் பிரெஞ்சு ராணுவத்தின் வழக்கத்தைப் பின்பற்றி, ஆளுக்குப் பாதிக் கூடாரம் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு துண்டுப் பருத்தித் துணி, அவ்வளவுதான். இரண்டு பேர் தங்கள் துண்டுகளைப் பொத்தான் போட்டு இணைத்தால் இருவருக்கும் ஒரு கூரை. சிப்பாய்கள் அதற்கு நாய்க்கூடாரம் என்று பெயர் வைத்தார்கள். புதிதாகக் கிடைத்தபோது சில படைப்பிரிவுகளில் உள்ளே தவழ்ந்து போய்த் தலையை நீட்டிக் குரைத்துக் காட்டினார்களாம்.

தவறு பெரும்பாலும் வாங்கும்போதே நடந்துவிடுகிறது. நான் முதலில் வாங்கியது ‘உள்நாட்டுப் போர்க் கூடாரம்’ என்று எழுதி விற்றதுதான். பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் முக்கோணத் துணி வைத்துத் தைத்திருந்தது, மூலைகளில் பளபளவென்று பித்தளை வளையங்கள் அடித்திருந்தது. முக்கோண மறைப்பு பிற்காலச் சமாச்சாரம். இரண்டாம் உலகப் போர்க் கூடாரங்களில் பார்க்கலாம். 1860-களின் பாதிக் கூடாரம் கிட்டத்தட்டச் சதுரம். 1864-ல் ராணுவம் வகுத்த அளவு ஐந்தடி ஆறங்குலத்துக்கு ஐந்தடி ஐந்தங்குலம். துணி வெளுக்காத பருத்தி, நம் ஊர்க் காடாத் துணியின் நிறம். பச்சைச் சாயம் கிடையாது. கயிறு போகும் துளைகளைச் சுற்றி நூலால் கையாலேயே கட்டித் தைத்திருப்பார்கள். அன்றைய தறியின் அகலம் குறைவு என்பதால் ஒரே அகலத் துணியில் வராது, ஒட்டுப் போட்டுத்தான் இருக்கும். வாங்கும்போது அந்த மூட்டுத் தையலைத் தேடுங்கள். பொத்தான் எலும்பு அல்லது தகரம். பிளாஸ்டிக் பொத்தானைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து, திறந்த முனைகள். இரண்டு பக்கமும் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் எல்லோருக்கும் திரை போடத் தோன்றும். அன்றைய சிப்பாய்க்கும் தோன்றியது. மூன்றாவது ஆளைச் சேர்த்துக்கொண்டு அவன் துண்டால் ஒரு முனையை அடைத்தான், இல்லையென்றால் தன் ரப்பர் விரிப்பைத் தொங்கவிட்டான். இந்த இரண்டும் உங்களுக்கும் அனுமதி. ஆனால் ரப்பர் விரிப்பைத் தொங்கவிட்டால் கீழே விரிக்க ஒன்றும் இருக்காது. காற்றா, ஈரமா என்று அவன் தேர்ந்தெடுத்தான், நீங்களும் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். நீல நிறத் தார்ப்பாயை அடியில் ஒளித்து வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எப்படியும் ஒரு ஓரம் வெளியே எட்டிப் பார்க்கும்.

கம்புகளில்தான் அழகான தவறுகள் நடக்கும். கடையில் சீவி எடுத்த உருண்டைக் கம்பு, மேலே ஆணி, எல்லாம் ஒரே உயரம். வரிசையாக நின்றால் தோட்டக் கண்காட்சி மாதிரி இருக்கும். பெரும்பாலான சிப்பாய்கள் கம்பு சுமக்கவில்லை. இரண்டு கவட்டைக் கம்பு வெட்டி நட்டு, முகட்டுக்குக் குறுக்கே இன்னொரு கம்பு வைத்தார்கள். மரம் இல்லாத இடத்தில் இரண்டு துப்பாக்கிகளைத் தலைகீழாக்கி, முனைக்கத்திகளை மண்ணில் குத்தி, விசையைச் சுற்றியுள்ள வளையங்களுக்கு இடையே கயிறு கட்டினார்கள். படத்துக்கு நன்றாக இருக்கிறது என்று இதையே எல்லோரும் செய்வதும் பிழைதான். 1861 மாடல் ஸ்ப்ரிங்ஃபீல்டு துப்பாக்கியில் அந்த வளையம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் வரும், உள்ளே உட்காரக்கூடத் தலை தட்டும். தவிர, அணிவகுக்கச் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டைப் பிரித்துக்கொண்டு ஓட வேண்டும். மதிய ஓய்வில் நிழலுக்குச் சரி, இரவு முழுக்க என்றால் எனக்கு அது உறுத்தும்.

உயரத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு பக்கச் சரிவு ஐந்தடி ஐந்தங்குலம். அடி அகலம் ஏழடி வைத்தால் முகடு நாலடிக்குச் சற்று மேலே நிற்கும். அகலத்தை ஐந்தடியாகக் குறைத்தால் ஏறக்குறைய நாலடி பத்தங்குலம் கிடைக்கும், ஆனால் இருவர் உரசிக்கொண்டுதான் படுக்க வேண்டும். உயரத்துக்கு ஆசைப்பட்டுத் துணியைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டாதீர்கள், மழைத்தண்ணீர் நேரே உள்ளே வரும். நீளமோ ஐந்தரை அடி. அன்றைய வடதரப்புச் சிப்பாயின் சராசரி உயரமே ஐந்தடி எட்டங்குலம். கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அதற்காக நீளமாகத் தைத்துத் தரச் சொல்ல வேண்டாம்.

மழை என்றதும் கடையில் விற்கும் நீர்த்தடுப்பு மருந்தைத் தெளிக்க ஓடுவார்கள். நெருக்கமாக நெய்த பருத்தி நனைந்ததும் உப்பித் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து விரலாலோ தலையாலோ தொட்டுவிட்டால் அந்த இடத்தில் ஒழுகத் தொடங்கும், அதுதான் பிரச்சினை. இயற்கை நார்க் கயிறு நனைந்தால் சுருங்கும், இழுத்த இழுப்பில் முளை பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே இருட்டும் முன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். இதற்குப் பயந்து நைலான் கயிறு கட்டினால் சுருங்காதுதான், ஆனால் வெயிலில் மினுமினுக்கும். முளைகள் மரத்தில் இருக்கட்டும். சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவது அந்தக் காலத்து வழக்கம், ஆனால் நில உரிமையாளரைக் கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். தேசியப் பூங்காவாக உள்ள போர்க்களங்களில் தோண்டவோ மரம் வெட்டவோ கூடாது. கவட்டைக் கம்பை வீட்டிலிருந்தே வெட்டிக்கொண்டு போவது நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு ஆண்டில் தப்பு விடுபவர்கள் உண்டு. 1861 ஜூலையில் நடந்த முதல் புல் ரன் சண்டை என்று சொல்லிவிட்டு நாய்க்கூடாரங்களை வரிசையாகப் போட்டால் அபத்தம். அது வரவே இன்னும் மாதங்கள் இருக்கின்றன. தென்தரப்புச் சிப்பாயாக வேடமிட்டால் எதிரியிடம் பிடித்த கூடாரம் ஒன்றிரண்டு இருக்கலாம், மீதிப் பேர் கம்பளியையோ எண்ணெய்த் துணியையோ சாய்த்துக் கட்டிப் படுக்கட்டும். குளிர்கால முகாம் என்றால் இதே துணி மரக்கட்டைக் குடிசையின் கூரையாகப் போயிருக்கும், நாலு பேர் துண்டுகளைச் சேர்த்து.

காலையில் கிளம்பும்போது கூடாரத்தை இணைத்தபடியே மடித்து ஒருவர் காரில் போட்டுவிடாதீர்கள். பொத்தான்களைக் கழற்றுங்கள். அவரவர் பாதியை அவரவர் கம்பளியோடு சுருட்டித் தோளில் மாட்டிக்கொள்ளட்டும். ஈரத்தோடு சுருட்டியிருந்தால் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கொடியில் விரித்துக் காயவைக்க வேண்டும். இரண்டே நாளில் கரும்புள்ளி விழும், என்ன துவைத்தாலும் போகாது.